இரண்டு பச்சைக் கோடு

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எதுக்கு எழுதினீங்க? யாரு கேட்டா? எழுதினத எங்க அனுப்பப் போறீங்க?" என்று வரிசையாகக் கேள்வி வரும். கம்பெனியில் எல்லோரும் அவரை மதாம் என்றே கூப்பிட்டோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிக் கூப்பிடப்பட வெள்ளைக்காரியாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் நேராகப் பார்க்கிற கண்ணும் இருந்தால் போதும்.

பெயர் தெரிகிறவரை மதாம் எந்தப் பொருளையும் நம்ப மாட்டார். டீக்கடையில் வடை வாங்கினால் என்ன எண்ணெய் என்று கேட்பார். "நல்ல எண்ணெதான் மதாம்" என்று கடைக்காரர் சொன்னால், "நல்லதுன்னு ஒரு எண்ணெ விக்கறாங்களா? பாக்கெட்டக் காட்டுங்க" என்பார். தண்ணீர் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, "குடிதண்ணீர்" என்று எழுதி, கீழே நிரப்பிய தேதியைப் போட்டிருப்பார். ஒரு நாள் பெரிய மார்க்கெட்டில் அவர் மீன் வாங்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். இது எந்தப் படகில் வந்தது என்று கேட்டார். மீன்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"மீன் பேரு கேப்பாங்க, வெல கேப்பாங்க. படகு பேரு கேட்டு வாங்கற ஆளு ஊருலயே நீ ஒருத்திதாம்மா."

மதாம் சிரிக்கவில்லை. பதில் வரும்வரை நின்றார். வந்த பிறகுதான் பையை விரித்தார்.

ஞாயிறு பூசையில் கொடுக்கும் அப்பத்துக்குக்கூட மாவு எந்தக் கடையென்று கேட்டிருப்பார் என்று நான் ஒரு தடவை கிண்டலாகச் சொல்லிவைத்தேன். அது அவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் என் மேசை முன்னால் வந்து நின்று, "கேட்டேன் முசியே. மடத்துல கன்னியாஸ்திரிங்களே செய்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்பது அவர் எனக்கு வைத்த பெயர். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான் அந்தக் கம்பெனியின் கெமிஸ்ட். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மூன்று ஷெட்டும் ஒரு வேப்பமரமும் உள்ள சின்னப் பெயிண்ட் கம்பெனி. அதைத் தூக்கி நிறுத்தியது நான் செய்த ஒரு ஜெல்லி என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். படகில் பழைய பெயிண்டை எடுக்க வேண்டுமென்றால் ஆட்கள் இரண்டு மூன்று நாள் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டும். என் ஜெல்லியைத் தடவினால் பத்தே நிமிடத்தில் பெயிண்ட் பொரிந்து கிளம்பும், துணியால் வழித்துவிடலாம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் முதல் தடவை செய்து காட்டியபோது படகுக்காரர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் பல வருடம் என் காதில் இருந்தது. பொய் சொல்வானேன், இப்போதும் இருக்கிறது.

அந்த ஜெல்லியில் பெரும்பங்கு ஒரே ஒரு திரவம். அதன் பெயர் வெளியே போய்விட்டால் கடலூரில் ஒருவன் மறு வாரமே செய்துவிடுவான் என்று முதலாளிக்கும் எனக்கும் பயம். அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். டிரம் வந்து இறங்கியதும் பிளேடால் லேபிளைச் சுரண்டிக் கிழித்துவிட்டு, எனாமலில் கோடு போட்டுவிடுவேன். ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், இரண்டு பச்சை என்று. எந்தக் கோடு எது என்ற சீட்டு என் சட்டைப் பையில் இருக்கும். ஊற்றுகிறவர்களுக்குக் கோடு தெரிந்தால் போதும் என்பது எங்கள் கட்சி. கிழித்த லேபிளை என் மேசைக்கடியிலிருந்த குப்பைக்கூடையில் போடுவேன். எரிக்க வேண்டும் என்று தோன்றியதில்லை.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, ரசாயனம் புழங்குகிற இடத்தில் பாதுகாப்புக்கென்று ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் மதாம் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்கோ ஒரு மில்லில் சாயப் பிரிவில் இருந்தவர் என்று கேள்வி. "கோயிலுக்குப் போற அம்மா, சத்தம் போடாம கையெழுத்துப் போடுவாங்க" என்றார் முதலாளி. மனிதர்களை எடை போடுவதில் அவருடைய தராசு எப்போதுமே கோணல்.

வந்த முதல் நாளே மதாம் இரண்டு பச்சை டிரம் முன்னால் நின்றார்.

"இதுக்கு இன்னா பேரு?"

"ரெண்டு பச்சை."

"அது கோடு. பேரு கேட்டேன்."

"அது கம்பெனி ரகசியம் மதாம். பேரச் சொல்லிட்டா நாளைக்கு ஊர்ல இருக்கறவன் எல்லாம் செய்வான். அப்புறம் எவன் ஒக்காந்து புதுசா ஒண்ணு கண்டுபுடிப்பான்?"

"கண்டுபுடிச்சத நீங்களே வெச்சிக்கோங்க முசியே. நான் அதுல பங்கு கேக்கல. ஆனா இதத் தெறந்து ஊத்தறவளுக்கு, ஊத்தறது இன்னான்னு தெரியணும். டிரம் மேல பேரு எழுதணும்னு சட்டமே இருக்குது."

"சட்டம் போட்டவன் ஒரு நாளாவது டிரம் உருட்டியிருப்பானா?"

"நீங்க உருட்டியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். நான் உருட்டியதில்லை. உருட்டுவதும் ஊற்றுவதும் அஞ்சலையின் வேலை.

அஞ்சலை வீராம்பட்டினத்துப் பெண். புருஷன் கடலுக்குப் போகிறவர். டிரம்மிலிருந்து கலவைத் தொட்டிக்கு ஊற்றுவதும், ஜெல்லியை டின்னில் அடைப்பதும் அவள் பொறுப்பு. வாய் ஓயாது. "சார், ரெண்டு பச்சையத் தொறந்தா இனிப்பா வாசன வருது சார், பாயசம் வெச்ச மாதிரி. சாயங்காலமானா தல கிண்ணுன்னு இருக்குது" என்பாள். பேச்சைக் குறைத்தால் தலை சரியாகிவிடும் என்று நான் சொல்வேன். அவளும் சிரிப்பாள். மதாம் சிரிக்காமல் அவள் சொன்னதை எழுதிக்கொள்வார்.

மதாம் எதற்கு எழுதுகிறார், எங்கே எழுதுகிறார் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு நாள் மதியம் சாப்பாடு முடிந்து நான் சீக்கிரமே திரும்பி வந்தபோது, அவர் என் குப்பைக்கூடை முன்னால் குனிந்திருந்தார். கையில் கிழிந்த லேபிள் துண்டுகள். என்னைப் பார்த்துப் பதறவில்லை. துண்டுகளை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, "பேனா விழுந்துச்சு" என்றுகூடச் சொல்லாமல் போனார். திருட்டு முழி முழித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். வியாழக்கிழமை தோறும் ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். அக்கா மகன் ஒருவன் கடலூர்ப் பக்கம் ஏதோ பெயிண்ட் கம்பெனியில் இருக்கிறானாம். இது இரண்டும் போதாதா? முதலாளியிடம் சொன்னேன். "ஆதாரம் இருந்தா சொல்லு, இன்னைக்கே அனுப்பிடறேன்" என்றார்.

ஆதாரத்துக்காக ஒரு பொறி வைத்தேன். டர்பன்டைன் டிரம் ஒன்றிலிருந்து லேபிளை ஈரத்துணி போட்டு ஊறவைத்து முழுசாக உரித்து, நாலாகக் கிழித்து, இரண்டு பச்சை இறங்கிய அன்றைக்குக் கூடையில் போட்டேன். அந்தத் துண்டுகளும் காணாமல் போயின. கடலூர்க்காரன் டர்பன்டைனை டிரம் டிரம்மாக வாங்கி, ஜெல்லி செய்யப் பார்த்து ஏமாறுவான், அன்றைக்கு மதாமின் குட்டு வெளிப்படும் என்று காத்திருந்தேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது. ஆனால் அன்றைக்கு இதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அவர் ஏன் இப்படி என்பதற்குக் கம்பெனியில் இரண்டு கதை உலவியது. மில்லில் சாயத் தொட்டியில் யாருக்கோ என்னவோ ஆனது என்று ஒரு கதை. சின்ன வயதில் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று இன்னொன்று. அஞ்சலை நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் மதாம், எதப் பாத்தாலும் பேரு பேருன்னு கேக்கறீங்களே, எதுனா நடந்துச்சா?"

"எதுனா நடந்தாதான் பேரு கேக்கணுமா?" என்றார் மதாம்.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஷெட்டின் இரண்டு கதவையும் சாத்திவிட்டார்கள். ஃபேன் ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்ததால் அதையும் நிறுத்தி, சாக்கு அடைத்துவிட்டார்கள். அன்றைக்கு மதாம் லீவு. நெல்லித்தோப்பில் ஓர் உறவுக்காரரின் அடக்கத்துக்குப் போயிருந்தார். பதினொரு மணி சுமாருக்கு அஞ்சலை தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள், அப்படியே சரிந்தாள். கூட வேலை செய்கிற ராணி அவளை ஆட்டோவில் போட்டுக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வெளிக்காற்று பட்டதும் அஞ்சலைக்கு நினைவு வந்துவிட்டதாம், தலைவலி மட்டும் மண்டையைப் பிளந்ததாம்.

அரை மணியில் எனக்குப் போன் வந்தது. முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"கேஷுவாலிட்டியிலேர்ந்து டாக்டர் பேசறேன். உங்க ஒர்க்கர் ஒருத்தங்க வந்திருக்காங்க. எதை மோந்தாங்கன்னு கேட்டா ரெண்டு பச்சைக் கோடுன்னு சொல்றாங்க. அது என்ன கெமிக்கல்?"

முதலாளி விரலை உதட்டில் வைத்துத் தலையை ஆட்டினார். அவரைக் காரணம் காட்டி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் ஆட்டாவிட்டாலும் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. பொறிக்கு வைத்த பொய் வாயில் தயாராக இருந்தது.

"டர்பன்டைன் மாதிரி சார். சாதாரணத் தின்னர்தான்."

"நிச்சயமாவா? வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

அந்த டாக்டர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்டார், இரண்டு தடவை கேட்டார். விரலில் மாட்டுகிற கிளிப்பில் ஆக்சிஜன் சரியாகக் காட்டியது, ரத்த அழுத்தமும் சரி. சொன்னது தின்னர். சாயங்காலம்வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்.

ஆனால் இரண்டு பச்சை என்பது மெத்திலீன் குளோரைடு. மூச்சில் போனால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றும், மூடிய அறையில் கரியடுப்புப் புகை ஆளைக் கொல்லுமே, அதே விஷமாக. உடனே தெரியாது, நேரம் போகப் போக ஏறும். விரல் கிளிப்புக்கு அது பிடிபடாது, எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதல்ல. சப்ளையர் அனுப்பிய பாதுகாப்புத் தகவல் தாள் என் மேசை டிராயரில் இருந்தது. நான் படித்திருந்தேன்.

போனை வைத்துவிட்டு லேபுக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கண்ணாடிச் சாமான்களையெல்லாம் மறுபடி கழுவினேன்.

ராணிக்கு என் மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. மதாமுக்கும் போன் போட்டிருக்கிறாள். அடக்கம் முடிவதற்குள் மதாம் கிளம்பி, வீட்டுக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி ஆஸ்பத்திரிக்குள் வந்தாராம். நடந்ததை ராணிதான் பிறகு சொன்னாள்.

"உங்க கெமிஸ்டு டர்பன்டைன்னு சொன்னாரேன்னு டாக்டர் கேட்டாரு சார். மதாம் மொகத்துல வழிஞ்ச மழத்தண்ணியத் தொடச்சாங்க. அப்புறம், அவருக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும் டாக்டர், இதான் பேருன்னு பையிலேர்ந்து ஒரு பேப்பர எடுத்துக் காட்னாங்க. டாக்டர் அப்டியே எழுந்து ஓடினாரு சார்."

ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மதியம்வரை அஞ்சலைக்கு முகமூடி போட்டு ஆக்சிஜன் ஓடியது. பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராணி டாக்டரைக் கேட்டிருக்கிறாள். "அதான் போகலையே" என்றாராம்.

புதன்கிழமை மதாம் லேபுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"ரெண்டு பச்சை எத்தன டிரம் இருக்கு?"

"மூணு."

"ரூமப் பூட்டிட்டு சாவியக் குடுங்க."

கொடுத்தேன். அவ்வளவுதான். அந்தப் போனைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அது மட்டுமல்ல, அன்றிலிருந்து அவர் என்னிடம் எதன் பெயரையும் கேட்டதே இல்லை. டீக்கடைக்காரரைக் கேட்டார், லாரிக்காரரைக் கேட்டார், புதிதாக வந்த சோப்புக்குக்கூடப் பெயர் கேட்டார். என்னைத் தாண்டிப் போய் டிரம்மைத் தானே பார்த்துக்கொண்டார்.

எனக்கு அது பெரிய திகிலாக இருந்தது. இந்த அம்மா எதையோ மனசில் வைத்துக்கொண்டிருக்கிறார், சமயம் பார்த்துப் போடுவார் என்று நினைத்தேன். தொழிற்சாலை ஆய்வாளரின் ஜீப் கேட்டருகே நிற்கும்போதெல்லாம் பின்பக்கமாக நழுவிவிடுவேன். மதாம் துறைக்கு அனுப்பிய அறிக்கையை முதலாளி மேசையில் திருட்டுத்தனமாகப் படித்தேன். மழை, சாத்திய கதவு, அடைத்த ஃபேன், பெயரில்லாத டிரம், எல்லாம் இருந்தது. போன் மட்டும் இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அறிக்கை போன பிறகு உத்தரவு வந்தது. அந்தத் திரவம்தான் வேண்டுமென்றால் மூடிய தொட்டி, உறிஞ்சு குழாய், இன்னும் என்னென்னவோ வைக்க வேண்டும். முடியாதென்றால் வேறு சரக்குக்கு மாற வேண்டும். முதலாளி மாறச் சொன்னார். "இப்படி ஆளாளுக்குச் சட்டம் பேசினா நாட்டுல எவன் புதுசா ஒண்ணு செய்வான்" என்று திட்டிக்கொண்டேதான் ஆரம்பித்தேன். ஏழு மாதம் ஆனது. புது ஜெல்லி பெயிண்டை எடுக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். பத்து நிமிடத்துக்குப் பழகிய துறைமுகத்தில் என்னை ஏசித் திட்டினார்கள்.

அப்புறம் ஒரு நாள் ஃபைபர் படகுக்காரர் ஒருவர் சொன்னார். "ஒங்க பழைய சரக்கு பெயிண்டோட சேத்து படகு மேல்தோலையும் தின்னுச்சு சார். எங்க மச்சான் படகு ரெண்டு வருஷத்துல ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. இது மெள்ள எடுக்குது, ஆனா தோலத் தொடல." எனக்கு அது தெரியவே தெரியாது. கைதட்டியவர்களைத்தான் பார்த்தேனே தவிர, இரண்டு வருடம் கழித்துப் போய்ப் படகைப் பார்க்கவில்லை.

புது டின்னில் உள்ளே இருக்கும் எல்லாவற்றின் பெயரும் தமிழிலேயே அச்சாகியிருந்தது. நாங்கள் பயந்தபடி கடலூரில் ஒருவன் அதைப் பார்த்துக் காப்பியும் அடித்தான். அவன் ஜெல்லி படகில் நிற்காமல் வழிந்து ஓடியது. எதை எந்தச் சூட்டில் முதலில் போட வேண்டும் என்பது டின்னில் இல்லை, அதைச் சட்டம் கேட்கவும் இல்லை. கம்பெனி நன்றாகத்தான் ஓடுகிறது. தானே மாற்றச் சொன்னதாக முதலாளி இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார். எனக்கு ஒரு சால்வையும் போட்டார்கள்.

போன வருடம் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று மதாம் வேலையை விட்டுக் காரைக்காலுக்குப் போய்விட்டார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும் வந்து, "வரேன் முசியே" என்றார். அஞ்சலை அழுதாள். அவள் இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறாள், திறந்த கதவுக்குப் பக்கத்தில்.

அவர் விட்டுப்போன அலமாரியை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. தடித்த ரிஜிஸ்தர் ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில், "இதன் நகல் வாரந்தோறும் எடுத்து வீட்டில் வைக்கப்படுகிறது. கம்பெனி எரிந்தால் இதுவும் எரியும்" என்று எழுதியிருந்தார். ரெட்டியார்பாளையம் ஜெராக்ஸ் கடை விஷயம் அவ்வளவுதான். உள்ளே கோட்டுக்கு ஒரு பக்கம். லேபிள் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டி, எந்தெந்த நாளில் யார் யார் அதைத் தொட்டார்கள், யாருக்குத் தலை வலித்தது என்று வரிசையாக எழுதியிருந்தார். தப்பாக எழுதிய இடங்களை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்படி நாற்பது ஐம்பது இடம் இருக்கும். ஒரு தேதி மாறியிருந்தால்கூட விடவில்லை.

இரண்டு பச்சைப் பக்கத்துக்கு வந்தேன். மேலே உண்மையான லேபிள். கீழே என் டர்பன்டைன் துண்டு நாலும். அதன் பக்கத்தில், "இது பொய். மற்ற லேபிள்களின் பின்னால் டிரம்மின் நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. இதில் இல்லை. கெமிஸ்ட் வேண்டுமென்றே போட்டது" என்று எழுதியிருந்தார். மழைக்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. அதற்கும் கீழே இன்னொரு வரி.

"நான் இல்லாதபோது ஆபத்து என்றால் கெமிஸ்டைக் கேட்கவும். மறைக்கிற ஆள்தான். ஆனால் உயிர் என்று வந்தால் சொல்லிவிடுவார்."

வடைக்கு எண்ணெய் பெயர் கேட்டவர் இதை எழுதியிருக்கிறார். அந்த ரிஜிஸ்தர் முழுக்க ஆதாரம் இல்லாமல் அவர் எழுதிய வரி அது ஒன்றுதான்.

அதை அவர் அடிக்கவில்லை. மறந்திருப்பார் என்று நினைக்க முடியவில்லை, மறக்கிற ஆள் இல்லை. மன்னித்து விட்டுவைத்தாரா, ஒரு நாள் நான் படிப்பேன் என்று தெரிந்தே விட்டுவைத்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். காரைக்காலுக்கு பஸ் ஏறினால் அரை நாளில் போய்க் கேட்டுவிடலாம். போகவில்லை.

கதவைச் சாத்திவிட்டு ஸ்கேலை எடுத்தேன். அந்த வரியை ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் என் பெயரை முழுசாக எழுதினேன்.